சூசை முதலாளியின் ரோமாபுரிப் புரோகிராம்

1. பதினாறு கோயில்

கோட்டாற்றில் நான் வேலை பார்த்த ஆபீசுக்குப் பாசேஜ் ஏஜென்சி என்று பெயர். கொழும்பு, பினாங்கு, ரங்கூன் போகிறவர்களுக்கு டிக்கெட் எழுதுவது, பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுவது, அம்மை குத்திய சர்டிபிகேட் இருக்கிறதா என்று பார்ப்பது, இவ்வளவுதான் என் வேலை. எங்களிடம் வந்தவர்கள் எல்லோரும் பிழைப்புக்குப் போகிறவர்கள். ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லி எங்கள் படியேறிய முதல் ஆள் சூசை முதலாளி. அவரே கடைசி ஆளாகவும் இருந்தால் நன்றாக இருக்கும் என்று அந்தச் சில மாதங்களில் பல தடவை நினைத்திருக்கிறேன்.

அது முப்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்தாறு வயது. சூசை முதலாளி தேங்காய்ப்பட்டணத்துப் பக்கத்துக் கடற்கரைக்காரர்; கொழும்புக்குக் கருவாடு ஏற்றுமதி செய்து பெரிய ஆளானவர். முழங்கால் வாதம் உண்டு. எங்கள் ஆபீசின் நாலு படியைக்கூட ஆள் பிடித்துத்தான் ஏறுவார். ஏறி உட்கார்ந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்.

“ரோமாபுரி போணும். அஞ்சு நாளு அங்க தங்கணும். எனக்க பெஞ்சாதியும் வருவா.”

மானேஜர் பெருமாள் பிள்ளை கண்ணிமைக்காமல் பதில் சொன்னார். “அதுக்கென்ன முதலாளி, நம்ம ஞானதாசு எல்லாம் பாத்துக்கிடுவான்.”

ஞானதாஸ் என்பது நான்தான். நான் அதுவரை பார்த்த தூர ஊர் திருநெல்வேலி. போதாததற்கு நான் மிஷன் சபைக்காரன், கத்தோலிக்கன் அல்ல. நாங்கள் பேதுரு என்கிற இராயப்பருக்குக் கோயில் எது, யோவான் என்கிற அருளப்பருக்குக் கோயில் எது என்று எனக்கு எப்படித் தெரியும்?

முதலாளிக்குத் தெரிந்திருந்தது. மடியிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். பதினாறு கோயில்களின் பெயர்கள். கொழும்பில் அவரோடு வியாபாரம் செய்கிற ஒருவர் ரோமாபுரிக்குப் போய்ப் பன்னிரண்டு கோயில்களைப் பார்த்துவிட்டு வந்தாராம்.

“ஒரு வருசமா அதையே பேசிட்டு இருக்கான். பன்னிரண்டாம்! நான் பதினாறு பாக்கணும். பின்ன அந்தப் புனிதப் படிக்கட்டும் உண்டு. இருபத்தெட்டுப் படி. முட்டுக்கால் போட்டு ஏறணும்.”

“முட்டுக்கால் போட்டா, முதலாளி?” என்று அவர் காலைப் பார்த்தேன்.

“உனக்கு அதுல என்ன சங்கடம்? ஏறப்போறது நானாக்கும்.”

ஏன் ரோமாபுரி, ஏன் இந்த வருஷம் என்று நான் கேட்கவில்லை. கொழும்புக்காரர் கதையே போதுமான காரணமாக எனக்குப் பட்டது.

2. நாலு தடவை டைப் அடித்தது

இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அன்று ஐரோப்பாவுக்கு ஒரு கடிதம் போய்ச் சேர மூன்று வாரம். பதில் வர இன்னொரு மூன்று வாரம். ஹோட்டலில் படுக்கை தனித்தனியா சேர்ந்தா என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு ஒன்றரை மாதம் காத்திருக்க வேண்டும். கையில் இருந்த ஒரே வழிகாட்டி, ஒரு பாதிரியாரிடம் இரவல் வாங்கிய முப்பது வருஷத்துப் பழைய புத்தகம். அதில் ரோம் நகரத்தில் குதிரை வண்டி பிடிப்பது எப்படி என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தது. வரைபடத்தில் ஆற்றுக்கு அக்கரை கிழிந்து போயிருந்தது. இராயப்பர் கோயில் அந்த அக்கரையில்தான் இருக்கிறது.

இருந்தாலும் ஒருவழியாகப் புரோகிராம் போட்டேன். நாகர்கோவிலிலிருந்து பஸ்ஸில் திருநெல்வேலி, ரயிலில் தனுஷ்கோடி, படகில் இலங்கைக் கரை, அங்கிருந்து ரயிலில் கொழும்பு. கொழும்பில் கப்பல் ஏறினால் பதினாறு நாளில் நேப்பிள்ஸ் துறைமுகம். வெள்ளிக்கிழமை காலை இறங்கி, ரயில் பிடித்து, மாலைக்குள் ரோம். புதன்கிழமை இரவு நேப்பிள்ஸ் திரும்பி, வியாழக்கிழமை திரும்புகிற கப்பல். நாள் ஒன்றுக்கு மூன்று கோயில், ஒரு நாள் மட்டும் நாலு. இடையில் பழைய ராஜாக்களின் இடிந்த மண்டபங்களுக்கு மூன்று மணி நேரம். அதையும் கொழும்புக்காரர் பார்த்திருந்தாராம்.

முதலாளி வாரம் ஒருமுறை வந்தார். வரும்போதெல்லாம் ஒரு மாற்றம். திங்கட்கிழமைக் கோயில் சனிக்கிழமைக்குப் போகும். சனிக்கிழமைக் கோயிலுக்குப் போக இடம் இருக்காது.

“கொஞ்சம் வேகமாப் போனா ஆவாதா?”

“முதலாளி, கோயிலு ஒண்ணு கிழக்க கிடக்கு, ஒண்ணு மேற்க கிடக்கு. அருமனையில பூசை கண்டுட்டு அடுத்த நிமிசம் கோட்டாத்துல நிக்க முடியுமா?”

“காறு பிடி.”

காரும் எழுதினேன். மூன்று கார்பன் காப்பியோடு நாலு தடவை முழுப் புரோகிராமையும் அடித்தேன். பெருமாள் பிள்ளை நாலு தடவையும் என் தோளுக்குப் பின்னால் நின்று, “எழுத்துப் பிழை இல்லாம அடிவே, பெரிய பார்ட்டியாக்கும்” என்றார்.

3. அம்மா தனியாக வந்த நாள்

ஒரு நாள் மத்தியானம் முதலாளியின் மனைவி ரோசம்மாள் தனியாக வந்தார். சவேரியார் கோயிலில் கும்பிட்டுவிட்டு வருவதாகச் சொன்னார். நல்லவேளை, மானேஜர் சாப்பிடப் போயிருந்தார். அம்மா உட்காரவில்லை. முந்தானைக்குள்ளிருந்து ஒரு கடித உறையை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். இத்தாலியத் தபால்தலை.

“மக்கா, ரோமாபுரி பெரிய ஊரா? அங்க இந்த மடம் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க ஒக்குமா?”

“யாருக்க மடம் அம்மா?”

“எனக்க மோளு அங்க உண்டு. பிரகாசி. ஒம்பது வருசமாச்சு பாத்து.”

நான் டைப்ரைட்டரிலிருந்து கையை எடுத்தேன். இந்த வீட்டுக்கு ஒரு மகள் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அம்மா நின்றபடியே சொன்னார். பிரகாசிக்குக் கொழும்பில் ஒரு வியாபாரி மகனோடு கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க மூன்று வாரம் இருக்கும்போது, அவள் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் கொல்லத்தில் ஒரு கன்னியர் மடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அங்கிருந்து அவளைச் சபையின் தலைமை மடத்துக்கு, ரோமாபுரிக்கே அனுப்பிவிட்டார்கள். கடிதம் வரும். முதலாளி தொடமாட்டார். கோயில் உபதேசியாரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லி அம்மா கேட்பார். வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்லக்கூடாது என்பது முதலாளியின் கட்டளை.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். “அம்மா, இதை முதல்லயே சொல்லாண்டாமா? நாலு தடவை புரோகிராம் போட்டாச்சே!”

“சொன்னா அவரு கப்பல் கேற மாட்டாரு மக்கா. எனக்கு ஒரு கோயிலும் காணாண்டாம். கோயிலு இங்கயும் உண்டு. அவள ஒருக்க காணணும்.”

இது என் வேலையில்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். அம்மா உறையை எடுத்துக்கொள்ளவே இல்லை. நான் விலாசத்தைக் குறித்துக்கொண்டு அன்றைக்கே மடத்துக்குக் கடிதம் எழுதினேன்.

4. ஞாயிறு, மூன்று மணி

ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. அயர்லாந்துக்காரச் சகோதரி ஒருவர் நல்ல ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். உறவினர்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாலை மூன்று முதல் நாலு மணிவரை சந்திக்கலாம். வேறு நாள் கிடையாது. விதிவிலக்கும் கிடையாது.

ஞாயிறு மூன்று மணிக்கு முதலாளி புனிதப் படிக்கட்டைப் போடச் சொல்லியிருந்தார். நான் படிக்கட்டைச் சனிக்கிழமைக்குத் தள்ளி, ஞாயிறு மூன்று மணிக்கு எதிரே ‘கன்னியர் மடம்’ என்று மட்டும் அடித்தேன். இரண்டு வார்த்தை. பதினாறு கோயிலுக்கு நடுவே கண்ணில் படாது என்று நினைத்தேன். பட்டது.

“இது ஏது மடம்? நான் சொல்லலியே. வெட்டு. அங்க படிக்கட்டப் போடு.”

“படிக்கட்டு சனிக்கிழமை இருக்கு, முதலாளி.”

“ஞாயித்துக்கிழமை ஏறினாத்தான் பலன். வெட்டுன்னா வெட்டு. ஒரு தாளு அடிக்க உனக்கு என்னவாக்கும் இவ்வளவு தர்க்கம்?”

பெருமாள் பிள்ளை தன் மேஜையிலிருந்து, “வெட்டிரு ஞானதாசு, வெட்டிரு” என்றார்.

ஐந்து தடவை அடித்த விரல்கள். பல மாதம் கேட்ட ‘வேகமாப் போனா ஆவாதா’. என் பொறுமை அந்த இடத்தில் தீர்ந்துபோனது.

“முதலாளி, அது உங்க மகள் இருக்கப்பட்ட மடமாக்கும். ஞாயித்துக்கிழமை அந்த ஒரு மணிநேரம்தான் பாக்க விடுவாங்க. வெட்டணும்னா இன்னா பேனா, நீங்களே வெட்டுங்க. நான் வெட்ட மாட்டேன்.”

முதலாளி பேனாவைத் தொடவில்லை. மேஜையைப் பிடித்து எழுந்தார். ஆள் பிடிக்காமல், சுவரைப் பிடித்துக்கொண்டே நாலு படியும் இறங்கினார். தாள் என் மேஜையிலேயே கிடந்தது.

பெருமாள் பிள்ளை முகம் சிவந்து வந்தார். “உனக்கென்ன கிறுக்காவே? டிக்கெட்டு எழுதச் சொன்னா குடும்பக் கேசு விசாரிக்கியா? அவரு திரும்பி வரலன்னா நீயும் பின்ன இங்க வராண்டாம்.”

நாலு நாள் அவர் வரவில்லை. அந்த நாலு நாளும் நான் பினாங்குப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டினேன். கடைசிக் காலம் என்று நினைத்துச் சுத்தமாக ஒட்டினேன். அம்மாவுக்கு வீட்டில் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் அதிக பயம். ஐந்தாம் நாள் முதலாளி வந்தார். என்னைப் பார்க்காமல் தாளைப் பார்த்துப் பேசினார்.

“அவ போயிக் காணட்டு. நான் ஹோட்டல்ல கெடந்துக்கிடுவேன்.”

கையெழுத்துப் போட்டார். மடத்து வாசலுக்கு அம்மாவைக் கூட்டிப்போக ஆள் வேண்டுமே. மறுபடியும் அயர்லாந்துக்காரச் சகோதரிக்கு எழுதினேன். ரோமில் பாதிரியாராவதற்குப் படிக்கிற கொல்லத்துக் குருமாணவர் ஒருவர் ஞாயிறு இரண்டு மணிக்கு ஹோட்டலுக்கு வருவார் என்று பதில் வந்தது. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

5. கப்பல் பிந்தியது

புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது கொழும்பிலிருந்து தந்தி. கப்பல் இரண்டு நாள் தாமதம். அதாவது நேப்பிள்ஸ் போய்ச் சேர்வது வெள்ளிக்கிழமை இல்லை, ஞாயிற்றுக்கிழமை காலை. திரும்புகிற கப்பல் மாறவில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துவிட்டேன். அழுவதற்குப் பதிலாகத்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏழு மணிக்குக் கப்பல் கரை சேர்ந்தால், சுங்கம் முடிய எட்டரை. அடுத்த ரயில் ஏறினால் ஒரு மணிக்கு முன் ரோம். கப்பல் பிந்தினால் எல்லாம் பிந்தும். ஹோட்டலுக்குப் போய்ப் பெட்டியை இறக்கிவிட்டுக் குருமாணவருக்காகக் காத்திருக்க நேரம் இருக்காது. எந்த ரயிலில் வருவார்கள் என்று தெரியாமல் அவரை ரயிலடிக்கு வரச் சொல்லவும் முடியாது. மடத்துக்குத் தந்தி அடித்து வேறு நாள் கேட்டேன். முடியாது, ஞாயிறே வரவும் என்று பதில். ஆக ஒரே வழி: ரயிலடியிலிருந்து பெட்டியோடு நேரே மடம். அம்மாவுக்குத் தமிழ் தவிர ஒரு சொல் தெரியாது. கொழும்பு வியாபாரத்தில் பழகிய அரைகுறை இங்கிலீஷ் உள்ள முதலாளிதான் கூட்டிப்போக வேண்டும்.

சொன்னபோது முதலாளி என்னை முறைத்தார்.

“லே, இது நீ செய்த வேலையா?”

“கப்பலப் பிந்தவைக்க என்னால ஒக்குமா, முதலாளி?”

“நீ செய்வே.” மேஜைமேல் கிடந்த தாளை இழுத்துப் பார்த்து, “மூணு மணிக்கு எத்திரலாமா?” என்றார்.

“கப்பல் நேரத்துக்கு வந்தா எத்தலாம்.”

“வரலன்னா?”

“வரலன்னா ஒண்ணும் செய்ய முடியாது.”

தலையை ஆட்டினார். பிறகு, “கோயிலு எத்தன தேறும்?” என்றார்.

“மூணு நாளுதான் இருக்கு. ஒன்பது.”

“ஒம்பதா! அவன் பன்னிரண்டுல்லா பாத்தான்!”

ஆறாம் தடவையாகத் தாள் செருகினேன்.

6. எழுதாமல் விட்ட கோயில்

இரண்டு மாதத்துக்குப் பிறகு அவர் ஆபீசுக்கு வந்தார். கறுத்து மெலிந்திருந்தார். உட்கார்ந்ததும், மடித்து மடித்துக் கிழியப்போகிற புரோகிராமை எடுத்து மேஜைமேல் அடித்தார். குறைகள் வரிசையாக வந்தன. ஹோட்டலில் குளிக்கத் தண்ணீர் இல்லை. சாப்பாடு மண்புழு மாதிரி நீளமாக இருந்தது. குதிரை வண்டிக்காரன் ஏமாற்றினான். ஒன்பது கோயிலில் ஐந்துதான் பார்க்க முடிந்தது. பெருமாள் பிள்ளை ஒவ்வொரு குறைக்கும் என்னை முறைத்தார்.

“ஞாயித்துக்கிழமை என்னாச்சு முதலாளி?” என்று கேட்டேன்.

“கப்பலு ஒண்ணர மணிக்கூறு பிந்திப்போச்சு. மடத்துக்கு எத்தும்போ மூணு இருவது. நான் காறுலயே இருந்துட்டேன். இவ போயி மணியடிச்சா. ஒரு வெள்ளக்காரி கதவத் தொறந்து என்னமோ கேக்கா. இவ பிரகாசி, பிரகாசின்னு சொல்லுதா. மடத்துல அவளுக்கு வேற பேராக்கும். அந்தப் புதுப் பேரு அந்நேரம் இவளுக்கு வாயில வரல. வெள்ளக்காரி கதவச் சாத்தப் போறா.”

நிறுத்தி, முழங்காலைத் தடவினார்.

“பின்ன நான் எறங்கிப் போயி அந்தப் பேரச் சொன்னேன்.”

ஒரு கடிதத்தையும் தொடாத மனிதருக்கு அந்தப் பெயர் எப்படித் தெரியும்? கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. இந்த உத்தியோகத்தில் நான் அடக்கிய கேள்விகளில் அது ஒன்றுதான் பெரியது.

“அவளக் கண்டீங்களா?”

“கண்டேன். மெலிஞ்சு போயிருக்கா. நாப்பது நிமிசம். இவ அதுல பாதி அழுது தீத்துட்டா. நான் என்ன பேசினேன்னு ஓர்மையில்ல. மழையப்பத்தி என்னமோ கேட்டேன். நாலு மணிக்கு மணியடிச்சாவ. அவ எந்திச்சுப் போயிட்டா.”

பெருமாள் பிள்ளை முறைப்பதை நிறுத்தியிருந்தார்.

“போவும்போ அந்த வாசல்காரி அரைகுறை இங்கிலீஷுல சொன்னா, மடத்துக் கோயில்ல தெனமும் காலைல ஆறு மணிக்குப் பூசை உண்டு, யாரு வேணும்னாலும் வரலாம்னு. மூணு நாளும் போனோம். அவியள காண முடியாது, கம்பிக்கு அந்தப்பக்கம் நிப்பாவ. பாட்டு மட்டும் கேக்கும். முப்பது நாப்பது பேருக்க சத்தம். இவ எனக்க கையப் பிடிச்சு, ‘இன்னா, இது அவளாக்கும்’னு சொல்லுதா. எனக்கு மொத நாளு தெரியல. ரெண்டாம் நாளும் தெரியல. மூணாம் நாளு தெரிஞ்சுது.”

துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு குரல் உயர்ந்தது. என்னைத் திட்டத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தார் என்று அப்போது புரிந்தது.

“பதினாறு கோயிலு எழுதினியே லே! ஒடஞ்ச செவரு பாக்க மூணு மணிக்கூறு எழுதினியே! அந்தக் கோயில மட்டும் ஏன் எழுதல? முன்னமே தெரிஞ்சிருந்தா ஒரு வாரம் கூட நின்னுட்டு அடுத்த கப்பல்ல வந்திருப்பேன்.”

அந்தப் பதினாறும் அவர் கொடுத்த தாளில் இருந்தவை, இடிந்த சுவரும் அவர் கேட்டதுதான் என்று சொல்ல எனக்கு நியாயம் இருந்தது. சொல்லவும் செய்தேன். அவர் காதில் வாங்காமல் படியிறங்கிப் போனார்.

போனபின் எரிச்சலோடு பைலை எடுத்து மடத்தின் முதல் கடிதத்தைப் பிரித்தேன். அந்தக் கோயிலைப் பற்றி யார் எனக்குச் சொன்னார்கள் என்று பெருமாள் பிள்ளையிடம் வாதாடத்தான். முதல் பக்கத்தில் சந்திப்பு நேரம். அடியில் நான் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தேன். திருப்பினேன். இரண்டாம் பக்கத்தில் கையெழுத்துக்குச் சற்று மேலே அயர்லாந்துக்காரச் சகோதரி எழுதியிருந்தார்: மடத்துக் கோயிலில் தினமும் காலை ஆறு மணிக்குப் பூசை, பெற்றோர் விரும்பினால் வரலாம்.

நான் அந்தப் பக்கத்தைப் படித்திருக்கவே இல்லை. சந்திப்பு நேரம் தெரிந்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

மறுநாள் தேங்காய்ப்பட்டணத்துக்குப் போய் முதலாளியிடம் அதைச் சொன்னேன். திட்டினார். ரோசம்மாள் கஞ்சி கொடுத்தார். அவர் திட்டி முடிக்கும்வரை கஞ்சி சூடாகவே இருந்தது. கஞ்சி ஆறுகிற நேரம்கூட அவர் திட்டவில்லை.

அதற்குப் பிறகு முப்பது வருஷம் எத்தனையோ ஊர்களுக்குப் புரோகிராம் போட்டிருக்கிறேன். வருகிற கடிதத்தைக் கடைசி வரி வரை படித்த பிறகுதான் தாள் செருகுவேன். எதிரே உட்கார்ந்திருப்பவரிடம், எந்தெந்த இடம் என்று கேட்பதற்கு முன், அங்கே உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்பேன். பெரும்பாலானவர்கள், யாரும் இல்லை, ஊர் பார்க்கத்தான் போகிறோம் என்று எரிச்சல்படுவார்கள். படட்டும். யாராவது ஒருவர் என்னிடம் நீட்டிய தாளைத் திரும்ப வாங்கி மடித்து வைத்துக்கொள்வார். அவருக்கு மட்டும் நான் நாலைந்து நாளின் காலை நேரத்தைக் காலியாக விட்டுப் புரோகிராம் போடுவேன்.